கிரெடிட் முறையில் உங்கள் படிப்பை எப்படி மதிப்பிடுகிறார்கள்: முதல் செமஸ்டரிலேயே தெரிந்திருக்க வேண்டியவை

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் 100-க்கு எத்தனை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கிரெடிட், கிரேடு பாயிண்ட், எஸ்ஜிபிஏ, சிஜிபிஏ என்று அச்சடித்த தாள் முதல் செமஸ்டர் முடிவில் கைக்கு வரும்போது ஒன்றும் புரியாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. நான் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எந்தத் தாளை யார் தருவார்கள், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதையெல்லாம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசி வருடத்தில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எதை இந்த செமஸ்டரில் எடுப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாமே இந்தக் கணக்கைப் பொறுத்தவைதான், அதனால் சேர்ந்த புதிதிலேயே படித்துவிடுங்கள்.

1. உங்கள் பேட்ச்சுக்கான ரெகுலேஷனைத் தேடி எடுத்து வையுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தேர்வு, கிரேடு, பட்டத் தகுதி பற்றிய விதிகளை ஒரு ஆவணமாக வெளியிடும். ரெகுலேஷன் என்பார்கள், சில இடங்களில் மாணவர் கையேடு என்று பெயர் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை இதை மாற்றுவார்கள், ஆனால் நீங்கள் சேர்ந்த வருடத்தில் எது நடப்பில் இருந்ததோ அதுதான் பெரும்பாலும் கடைசி வரை உங்களுக்குப் பொருந்தும். அதனால் சீனியர் சொல்லும் விதி அவருக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்குத் தவறாக இருக்கலாம். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்துவிடுங்கள், கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அது மூடப்படும். புது ரெகுலேஷன் வந்தவுடன் இணையதளத்தில் பழையது காணாமல் போவதும் சகஜம். பிறகு அதில் இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டம் பெற மொத்தம் எத்தனை கிரெடிட், ஒரு பாடத்தில் தேற எவ்வளவு, இன்டர்னலுக்கும் எக்ஸ்டர்னலுக்கும் தனித்தனிக் குறைந்தபட்சம் உண்டா, வருகைப்பதிவு எத்தனை சதவீதம், தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினால் பழைய கிரேடு என்ன ஆகும், பட்டத்தை அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், முதல் வகுப்புக்கும் டிஸ்டிங்ஷனுக்கும் என்ன நிபந்தனை. கடைசியில் சொன்னதை ஊன்றிப் படியுங்கள். எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும்.

2. ஒரு கிரெடிட் என்பது எத்தனை மணி நேர உழைப்பு என்று பாருங்கள்

கிரெடிட் என்பது பாடத்தின் எடை. நீங்கள் எவ்வளவு நன்றாகப் படித்தீர்கள் என்பதை அது சொல்லாது, எவ்வளவு வேலை என்பதைத்தான் சொல்லும். நன்றாகப் படித்தீர்களா என்பதற்குத்தான் கிரேடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 4 கிரெடிட் பாடத்தில் நீங்கள் கடைசி கிரேடில் தேறினாலும் முதல் கிரேடில் தேறினாலும் கிடைப்பது அதே 4 கிரெடிட்தான்.

இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த முறையில், வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட், டுடோரியலுக்கும் அப்படியே, ஆய்வகத்துக்கு மட்டும் 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். பாடத்திட்டத்தில் 3-0-2 என்று போட்டிருந்தால் 3 மணி விரிவுரை, டுடோரியல் இல்லை, 2 மணி ஆய்வகம், ஆக மொத்தம் 4 கிரெடிட். அமெரிக்காவில் வாரம் ஒரு மணி வகுப்பும் அதற்கு வெளியே குறைந்தது 2 மணிப் படிப்பும் சுமார் 15 வாரம் நடந்தால் 1 கிரெடிட், இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120. ஐரோப்பாவின் இசிடிஎஸ் முறை வகுப்பு நேரத்தைத் தனியாக எண்ணாமல் மொத்த உழைப்பையும் கணக்கில் எடுக்கிறது: 1 கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேரம், ஒரு முழு ஆண்டுக்கு 60. பிரிட்டனில் 1 கிரெடிட் 10 மணி நேரம், ஆண்டுக்கு 120. இலங்கையின் தகுதிச் சட்டகத்தில் 1 கிரெடிட் 50 மணி நேரம், ஆண்டுக்கு 30.

இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், ஒரு நாட்டின் 20 கிரெடிட்டையும் இன்னொரு நாட்டின் 20 கிரெடிட்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆண்டு அளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பிரிட்டனின் 2 கிரெடிட் ஐரோப்பாவின் 1 என்று வருவது அப்படித்தான்.

சரி, இதை உங்கள் வாரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் எடுத்தால் குறைந்தது 750 மணி நேரம், அதை வாரங்களால் வகுத்தால் ஒரு முழுநேர வேலை அளவுக்கு வந்து நிற்கும். பகுதிநேர வேலைக்கும் போகலாம் என்று நினைப்பவர்கள் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்னால் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

3. இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் எப்படிச் சேருகின்றன என்று பாருங்கள்

ஒரு பாடத்தின் மதிப்பெண் ஒரே தேர்வில் வருவதில்லை. இடைத்தேர்வு, அசைன்மென்ட், செமினார், ஆய்வகப் பதிவேடு எல்லாம் சேர்ந்து இன்டர்னல், செமஸ்டர் இறுதித் தேர்வு எக்ஸ்டர்னல். 25-75, 40-60, 50-50 என்று விகிதம் இடத்துக்கு இடம் மாறும், ஒரே கல்லூரியிலேயே தியரிக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று இருக்கும். சில முறைகளில் முழுக்க முழுக்கத் தொடர் மதிப்பீடுதான், கடைசித் தேர்வே கிடையாது.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, மொத்தத்தில் தேறினால் போதாமல் எக்ஸ்டர்னலில் தனியாக ஒரு குறைந்தபட்சம் வாங்க வேண்டும் என்ற விதி. இன்டர்னலில் 40-க்கு 38 வைத்திருக்கிறேன், இறுதித் தேர்வில் 12 எடுத்தால் 50 வந்துவிடும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டுவது இதில்தான். இரண்டாவது, வருகைப்பதிவு. 75 சதவீதம் என்பது இந்தியாவில் பரவலாக இருக்கும் வரம்பு. அதற்குக் கீழே போனால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள், பாடத்தையே திரும்பப் படிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் சான்றிதழைக் குணமாகித் திரும்பிய சில நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கமாட்டார்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணை இறுதித் தேர்வுக்கு முன்னால் வெளியிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள், அல்லது போர்ட்டலில் ஏற்றுவார்கள். அந்த ஓரிரு நாளில் பார்த்து, தப்பு இருந்தால் அப்போதே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மேலே அனுப்பிய பிறகு திருத்துவது கடினம், துறைத்தலைவர் கடிதம், அதற்கு ஒரு காரணம், அதன் மேல் ஒரு ஒப்புதல் என்று நீளும். திருத்திக் கொடுத்த அசைன்மென்ட்களையும் இடைத்தேர்வுத் தாள்களையும் முடிவு வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

4. மதிப்பெண் கிரேடாக மாறுவது எந்த முறையில் என்று கேளுங்கள்

நேரடி முறை ஒன்று: 91-லிருந்து 100 வரை என்றால் இந்த கிரேடு, 81-லிருந்து 90 வரை என்றால் இந்த கிரேடு என்று முன்கூட்டியே நிர்ணயித்த பட்டியல். ஒப்பீட்டு முறை இன்னொன்று: வகுப்பின் சராசரியையும், மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதையும் வைத்து எல்லையை முடிவு செய்வார்கள். வகுப்புச் சராசரி 48 ஆக இருக்கும் கடினமான பாடத்தில் 60 எடுத்தவருக்கு நல்ல கிரேடு கிடைக்கும், சராசரி 78 ஆக இருக்கும் பாடத்தில் 72 எடுத்தவர் நடுவில் நிற்பார். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் ஒப்பீட்டு முறையை விட்டு நேரடி முறைக்குப் போய்விடும் இடங்களும் உண்டு. எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

யுஜிசியின் 10 புள்ளி அளவுகோலில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, தேர்ச்சியைக் குறிக்கும் பி (P) 4, தோல்விக்கும் வராமைக்கும் 0. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துகொள்ளலாம், அதனால் ஓரிடத்து ஏ-வும் இன்னோர் இடத்து ஏ-வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அளவுகோல் 4.0 வரை: ஏ 4, பி 3, சி 2, டி 1, நடுவே பிளஸ் மைனஸ். ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி.

கிரேடு முறையில் எல்லைக்கோட்டுக்கு மேலே நிற்பதும் கீழே நிற்பதும் பெரிய வித்தியாசம். நேரடி முறையில் 80-க்கும் 81-க்கும் நடுவே ஒரு முழுப் புள்ளி போகும், ஆனால் 81-க்கும் 90-க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. எந்தப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் உழைத்தால் பலன் உண்டு என்று இதை வைத்துப் பார்க்கலாம்.

5. எஸ்ஜிபிஏ, சிஜிபிஏ இரண்டையும் நீங்களே கணக்குப் போடுங்கள்

இதற்கு ஆப் வேண்டாம், ஒரு தாள் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டை கிரேடு பாயிண்டால் பெருக்குங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள், மொத்த கிரெடிட்டால் வகுங்கள். அது அந்த செமஸ்டரின் எஸ்ஜிபிஏ.

ஓர் உதாரணம். கணிதம் 4 கிரெடிட், கிரேடு பாயிண்ட் 8, ஆக 32. புரோகிராமிங் 3 கிரெடிட், 9, ஆக 27. இயற்பியல் 3 கிரெடிட், 6, ஆக 18. ஆங்கிலம் 2 கிரெடிட், 10, ஆக 20. ஆய்வகம் 2 கிரெடிட், 9, ஆக 18. கூட்டினால் 115. மொத்த கிரெடிட் 14. வகுத்தால் 8.21. கிரெடிட்டைப் பார்க்காமல் ஐந்து கிரேடு பாயிண்டுகளை மட்டும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 8.40 வரும், அது தப்பு. ஆங்கிலத்தில் வாங்கிய 10-ஐவிட இயற்பியலில் வாங்கிய 6 அதிகமாக இழுக்கிறது, ஏனென்றால் அதற்கு 3 கிரெடிட்.

இப்போது கணிதத்தில் தோற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 83. தோற்ற பாடத்தின் கிரெடிட்டையும் வகுக்கும் எண்ணில் வைத்துக்கொள்ளும் முறை என்றால் 83-ஐ 14-ஆல் வகுத்து 5.93. தேறிய பாடங்களை மட்டும் எண்ணும் முறை என்றால் 10-ஆல் வகுத்து 8.30. ஒரே மாணவர், ஒரே தேர்வு, இரண்டு எண்கள். உங்கள் இடத்தில் எது நடப்பு என்று ரெகுலேஷனில் சூத்திரத்துக்குக் கீழே ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கும். அரியர் (இன்னும் தேறாத பாடம்) இருந்தும் சிஜிபிஏ 8-க்கு மேல் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பாடம் தேறியதும் அது தாழ்ந்த கிரேடோடு உள்ளே வந்து எண்ணை இறக்கும்.

சிஜிபிஏ என்பது இதுவரை முடித்த எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் போடும் அதே கணக்கு. எஸ்ஜிபிஏக்களின் சாதாரண சராசரி அல்ல. முதல் செமஸ்டரில் 14 கிரெடிட்டுக்கு 8.21, இரண்டாவதில் 22 கிரெடிட்டுக்கு 7.00 என்றால், 115-ஐயும் 154-ஐயும் கூட்டி 36-ஆல் வகுக்க வேண்டும்: 7.47. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 7.61 என்று ஆசை காட்டும். விண்ணப்பப் படிவத்தில் அந்த 7.61-ஐ எழுதிவிட்டால் பிறகு சான்றிதழோடு பொருந்தாது, தகவல் தவறு என்று விண்ணப்பத்தையே தள்ள அது போதும்.

இந்தக் கணக்கின் நிஜமான பயன் பின்னோக்கிப் போடும்போதுதான் தெரியும். மொத்தம் 160 கிரெடிட் படிப்பு, 8.0-க்கு மேல் முடிக்க வேண்டும் என்று ஆசை, அதற்கு 1280 புள்ளி வேண்டும். 80 கிரெடிட் முடிந்த நிலையில் 7.2 இருக்கிறது என்றால் கையில் 576. மீதி 704-ஐ மீதமுள்ள 80 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது இனிமேல் சராசரி 8.8. கஷ்டம், ஆனால் முடியும். அதே 7.2-ஐ வைத்துக்கொண்டு 120 கிரெடிட் முடித்துவிட்டீர்கள் என்றால் மீதி 40 கிரெடிட்டில் 416 புள்ளி வேண்டும், சராசரி 10.4. அப்படி ஒரு கிரேடே கிடையாது. கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சிஜிபிஏ ஆரம்பத்தில்தான் வேகமாக அசையும், போகப் போக இறுகிவிடும்.

எல்லா நாட்டிலும் இப்படியே என்று இல்லை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு மதிப்பெண் இறுதி வகுப்பில் சேராது, கடைசி ஆண்டுக்கு எடை அதிகம். 70-க்கு மேல் முதல் வகுப்பு, 60-க்கு மேல் இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. அங்கே போகிறவர்கள் எந்த ஆண்டுக்கு எவ்வளவு எடை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கிரேடு ஷீட்டில் எண்ணாக மாறாத எழுத்துகளைக் கவனியுங்கள்

ஏதோ காரணத்தால் வேலை முடியவில்லை என்றால் முழுமையடையாதது என்று ஒரு குறியீடு போடுவார்கள். அதற்கு ஒரு கெடு இருக்கும், கெடு தாண்டினால் தானாகவே தோல்வியாக மாறிவிடும், யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். விலகல் என்று போட்டிருந்தால் சராசரியில் சேராது, ஆனால் எல்லா செமஸ்டரையும் சேர்த்துத் தரும் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும். ஆடிட் என்று எடுத்த பாடத்துக்கு கிரெடிட்டும் இல்லை, கிரேடும் இல்லை. இன்னொரு வகை உண்டு, கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடம்: சராசரியில் சேராது, ஆனால் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. எண்ணில் வராததால் அலட்சியமாக விட்டு, கடைசியில் அந்த ஒன்றுக்காகவே பட்டம் தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு குறுகிய காலம் தருவார்கள். அதற்குள் நீக்கினால் தடயமே இருக்காது, கட்டணமும் முழுதாகவோ பகுதியாகவோ திரும்பலாம். அது தாண்டிப் பிறகு விலகினால் விலகல் குறியீடு, பணமும் பெரும்பாலும் போச்சு. ஒரு எச்சரிக்கை: பாடத்தை விடுவதால் முழுநேர மாணவர் என்ற தகுதிக்குக் கீழே போய்விடுவீர்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். கல்வி உதவித்தொகைகளுக்கும் இப்படி ஒரு வரம்பு வைத்திருப்பார்கள்.

7. முடிவு வந்த அன்றே கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்

எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் பொதுவாக மூன்று வழிகள்: மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு. பல இடங்களில் நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், பாடத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கெடு மிகக் குறுகியது, முடிவு வெளியான சில நாட்களில் மூடிவிடுவார்கள், நடுவில் வரும் விடுமுறையைக் கழிக்கமாட்டார்கள்.

முதலில் நகலை வாங்கி, பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டுங்கள். கூட்டல் தவறு, திருத்தாமல் விட்ட பக்கம், மாற்றுமுறையில் எழுதிய சரியான விடைக்குப் போட்ட பூஜ்ஜியம் இவற்றில் ஏதாவது இருந்தால் தயங்காமல் பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக் கட்டணத்துக்கு வையுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எது நிற்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும், விண்ணப்பத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து அரியர் தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். முடிவு வருவதற்குள் பதிவு மூடிவிடும். இரண்டையும் செய்யுங்கள்.

தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதித் தேறினால் சில முறைகளில் புது கிரேடு பழையதன் இடத்துக்கு வரும், சிலவற்றில் இரண்டும் சராசரியில் சேரும், சிலவற்றில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்தைத்தான் தருவார்கள். எந்த முறையிலும் பழைய முயற்சி டிரான்ஸ்கிரிப்டில் தெரிய வாய்ப்பு உண்டு.

8. சதவீதம் கேட்டால் நீங்களாக எதையும் பெருக்காதீர்கள்

வேலைக்கும் மேல்படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது சதவீதம் எவ்வளவு என்று ஒரு கட்டம் வரும். அங்கேதான் ஆளாளுக்கு ஒரு சூத்திரம். சிஜிபிஏ 7.8 என்று வைத்துக்கொள்வோம். 10-ஆல் பெருக்கினால் 78. 9.5-ஆல் பெருக்கினால் 74.1. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொன்ன முறையில் 0.75-ஐக் கழித்து 10-ஆல் பெருக்கினால் 70.5. இந்த 9.5 சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்காக வந்தது, உங்கள் பல்கலைக்கழகம் தானாக ஏற்றிருந்தால் தவிர அதற்கும் உங்கள் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இணையத்தில் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

உங்கள் பல்கலைக்கழகம் எந்தச் சூத்திரத்தை ஏற்கிறதோ அதை மட்டும் பயன்படுத்துங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றித் தரும் சான்றிதழ் என்று கேட்டால் தேர்வுப் பிரிவில் தருவார்கள், அல்லது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். சூத்திரமே இல்லை என்று சொல்லும் பல்கலைக்கழகங்களும் உண்டு, அப்படியானால் அதையும் ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் சேரும் நேரத்தில் ஆவணம் சரிபார்ப்பவர் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 7.8-ஐ 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கி 3.12 என்று போடுவது இன்னொரு பொறி. பல விண்ணப்பங்கள் உங்கள் அளவுகோலிலேயே எழுதச் சொல்கின்றன. மாற்றித்தான் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டால், வெளிநாட்டுப் படிப்பை ஒப்பிட்டு அறிக்கை தரும் மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாக மாற்றித் தரும். ஜெர்மனிக்கு ஒரு சூத்திரம் பரவலாக நடப்பில் இருக்கிறது: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள், அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். 7.8-க்கு, தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் 2.1 வரும், 5 என்றால் 2.32. தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் எவ்வளவு என்பது உங்கள் தாளில் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது இல்லாவிட்டால் பார்ப்பவர் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொள்வார்.

9. டிரான்ஸ்கிரிப்ட்: என்ன கேட்பது, எவ்வளவு செலவு, எப்போது தொடங்குவது

மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. செமஸ்டருக்கு ஒன்றாகத் தருவது பட்டியல். எல்லா செமஸ்டரையும் பாடங்கள், கிரெடிட், கிரேடு, சிஜிபிஏ, அளவுகோல் விளக்கத்தோடு ஒரே ஆவணமாக்கி முத்திரை வைத்துத் தருவது டிரான்ஸ்கிரிப்ட். பட்டச் சான்றிதழ் மூன்றாவது, அது பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், அதுவரைக்கும் தற்காலிகச் சான்றிதழ்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: எல்லா மதிப்பெண் பட்டியல்களின் நகல், அரியர் எழுதித் தேறிய பட்டியல்கள் தனியாக, பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை, கட்டணம் கட்டிய ரசீது, அனுப்ப வேண்டிய முகவரி. நான் படித்த இடத்தில் அரியர் பட்டியல் ஒன்று இணைக்கப்படவில்லை என்று முழு விண்ணப்பத்தையும் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தப் பட்டியல் வேண்டும் என்று படிவத்தில் எங்கேயுமே எழுதியிருக்கவில்லை. எனவே கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் வையுங்கள்.

பெயர் எழுத்து எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று முதல் மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தாலும், அது விரிந்து தந்தை பெயராக இருந்தாலும் சிக்கல்தான். படிக்கும்போது திருத்துவது ஒரு விண்ணப்பத்தோடு முடியும், பட்டம் வாங்கிய பிறகு பிரமாணப் பத்திரம், அறிவிப்பு என்று செலவு கூடும்.

செலவைப் பிரித்துப் பார்த்தால்: பிரதி ஒன்றுக்குக் கட்டணம், அவசரம் என்றால் கூடுதல், உறையில் முத்திரையிட்டு அனுப்பத் தபால் அல்லது கூரியர், மதிப்பீட்டு நிறுவனத்தின் கட்டணம், சில நாடுகளுக்கு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று), மொழி வேறு என்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர். இவற்றில் மதிப்பீட்டு நிறுவனம்தான் பெரும்பாலும் பெரிய செலவு. அவர்களிடம் பட்டத்தை மட்டும் ஒப்பிடும் அறிக்கை, பாடம் பாடமாக ஒப்பிடும் அறிக்கை என இரண்டு வகை இருக்கும், இரண்டாவது விலை கூடியது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்படி ஓர் அறிக்கையே வேண்டாம், எங்கள் அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் பல்கலைக்கழகங்களும் நிறைய.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது ஒரே முறையில் நாலைந்து பிரதி வாங்கிவிடுங்கள், அவற்றில் ஒன்றை மட்டும் உங்கள் பார்வைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற உறைகளைப் பிரித்தால் செல்லாது. மதிப்பீட்டு நிறுவனங்கள் பலவும் உங்கள் கையால் அனுப்பியதை ஏற்காது, பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும், தபாலிலோ மின்வழியிலோ. உங்கள் தேர்வுப் பிரிவு மின்வழியில் அனுப்புமா என்று முன்னரே கேளுங்கள், அனுப்பும் என்றால் வாரக்கணக்கில் மிச்சம்.

விண்ணப்பக் கெடுவிலிருந்து பின்னோக்கி மூன்று மாதமாவது விடுங்கள், தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் போகாதீர்கள், அந்தப் பிரிவில் யாருக்கும் நேரம் இருக்காது.

10. பாதியில் மாறுவதாக இருந்தால் கிரெடிட்டைக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள்

இந்தியாவில் 2021-ல் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிகள் வந்தன. அதில் பதிவு செய்த நிறுவனத்தில் ஈட்டிய கிரெடிட் உங்கள் கணக்கில் சேரும், அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். கணக்குத் தொடங்கினால் போதும் என்று விட்டுவிடாமல், கல்லூரி உண்மையிலேயே ஒவ்வொரு செமஸ்டரையும் ஏற்றியிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஐரோப்பாவில் பரிமாற்றத்துக்குப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன்னால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், போகும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும், அங்கே போய்ப் பாடம் மாற்றினால் அந்த ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டும்.

கிரெடிட் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் ஏற்கமாட்டார்கள், பாட உள்ளடக்கத்தை ஒப்பிடுவார்கள், ஒரு குறிப்பிட்ட கிரேடுக்குக் கீழே இருந்தால் எடுக்கமாட்டார்கள். பெரும்பாலும் கிரெடிட் வரும், கிரேடு வராது, சிஜிபிஏ புது இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இதற்கு உங்களிடம் இருக்க வேண்டியது நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டம், வாரப் பாடப்பகுப்பு, பாடநூல் பட்டியலோடு, துறை முத்திரையோடு. படிப்பு முடிந்து சில வருடம் கழித்துப் போனால் அந்த ஆசிரியரும் இருக்கமாட்டார், அந்தப் பாடத்திட்டமும் கிடைக்காது. ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் அந்தப் பக்கங்களை எடுத்து துறை அலுவலகத்தில் முத்திரை வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.